அளக்கும் முன் குனியும் கை

மண் தரையில் ஒரு மரக்குண்டு. எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது. அதற்கு இந்தப் பக்கம் என்னுடைய இரும்புக் குண்டு, அந்தப் பக்கம் மதலேன் அக்காவுடைய இரும்புக் குண்டு. எது மரக்குண்டுக்கு அருகில் இருக்கிறதோ அந்த ஜோடிக்குக் கோப்பை. இரண்டு பக்கமும் பன்னிரண்டு புள்ளி, பதின்மூன்று எடுத்தால் ஆட்டம் முடிந்தது. எறிய வேண்டியதை எல்லாரும் எறிந்து முடித்துவிட்டோம். இனி பார்த்துச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

குருசுக்குப்பத்துப் பக்கமிருந்து கருவாட்டு வாசனை காற்றில் வந்துகொண்டிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளில் சாய்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து எங்களைச் சுற்றி நின்றுவிட்டார்கள். என் நெற்றி வியர்வை மூக்கு நுனி வரை இறங்கிவிட்டது. நான் துடைக்கவில்லை.

துடைக்கக் கையை எடுத்தால் அது நெற்றிக்குப் போகாது. நேராகக் கீழே போய் என் குண்டை எடுத்துவிடும். அந்தப் பயத்தில் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொந்தக் கையைப் பார்த்து ஒருத்திக்கு என்ன பயம் என்று கேட்பீர்கள். அதைச் சொல்வதற்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். இந்தத் தொடரை ஆரம்பத்திலிருந்து படிப்பவர்களுக்கு என் சுற்றல் பழகியிருக்கும். ஓரிடத்தில் நிற்க எனக்கு வராது, எழுத்திலும் அப்படித்தான்.

பாதியில் எழுந்து வந்தவள்

போன வாரம் தையல் வகுப்பைப் பாதியில் விட்ட கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு மூலக்குளத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு வாசகி, காய்கறி வண்டி முன்னால் வைத்து, "ஏங்க மல்லிகா, நீங்க முடிச்சதுன்னு ஏதாவது உண்டா?" என்று கேட்டார். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே கேட்டதால் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை.

கேள்வி நியாயமானதுதான். தையல், இந்தி வகுப்பு, கேக் செய்யும் பயிற்சி எல்லாம் அரைகுறை. ஸ்கூட்டர் ஓட்ட நன்றாகவே கற்றுக்கொண்டேன். லைசென்சுக்கு ஓட்டிக் காட்ட வேண்டிய நாளில் வரிசையில் நின்று, எனக்கு முன்னால் போன பெண் எட்டுப் போட்ட அழகைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சோம்பேறி என்று நினைத்துவிடாதீர்கள். என்னால் சும்மா உட்கார முடியாது, அதுதான் கஷ்டமே. எதை எடுத்தாலும் ஓடி ஓடிச் செய்வேன். ஆனால் முடிவு தெரியும் இடம் நெருங்க நெருங்க, நான் தோற்றுவிட்டேன் என்று எனக்கே தெரிந்துவிடும். பிறகு அங்கே எதற்கு நிற்க வேண்டும்? இன்னொருவர் வாயால் கேட்பதற்கு முன்னால் எழுந்து வந்துவிடுவேன்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒருமுறை ஒரு பள்ளிக்கூடத்து ஆபீஸ் வேலைக்கு இன்டர்வியூ. வராந்தாவில் என்னுடன் உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லாரும் மடிப்புக் கலையாத புடவையில் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தார்கள். வாட்ச்மேனிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அப்போது எங்கள் வீடு அரியாங்குப்பத்தில். பஸ் ஆற்றுப் பாலம் ஏறும்போது போன் வந்தது. "மல்லிகா எங்கம்மா போனீங்க? உங்க பேரத்தான் கூப்பிடறோம்" என்றது ஒரு குரல். "ராங் நம்பர்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இதை என் வீட்டுக்காரர் செல்வத்திடம் கல்யாணமான புதிதில் சொல்லித் தொலைத்தேன். அவர் தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்பவர். எரிந்துபோன காயிலைக்கூட உடனே தூக்கிப் போட மாட்டார். இன்றுவரை அவர் சொல்லிக் காட்டுவது ஒன்றுதான்: "உனக்கு மட்டும் எல்லாருக்கும் முன்னாடி ரிசல்ட்டு வந்துடுது."

துணிக்கடையிலிருந்து ஒரு டேப்

கடைசியில் எனக்கு வாய்த்த வேலையும் ரிசல்ட் கொடுக்கிற வேலைதான். வில்லியனூர் ரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். நான் கவுண்டரில் உட்கார்ந்து பில் போடுவேன், ரிப்போர்ட்டைக் கவரில் வைத்துக் கொடுப்பேன்.

அங்கே தினமும் என்னைப் போன்றவர்களைப் பார்க்கலாம். கவரை வாங்குவதற்கு முன்னாலேயே முகம் தொங்கிப்போய், சொத்தை யாருக்கு எழுதலாம் என்கிற யோசனையில் உட்கார்ந்திருப்பார்கள். கவரைப் பிரித்தால் வியாதி ஒன்றும் இருக்காது. அவர்களைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்குப் போனபிறகு வராது.

அந்தக் கவுண்டருக்குத்தான் ஒருநாள் நூர்ஜஹான் வந்தார். பெரிய மார்க்கெட் பக்கம் அவர் வீட்டாருக்குத் துணிக்கடை. கவரை என் கண்முன்னால் பிரித்தார், படித்தார், திருப்பி என் மேஜையிலேயே வைத்தார்.

"இது என் ரத்தம் இல்ல."

"பேர் உங்க பேருதாங்க."

"பேர் என் பேருதான். ரத்தம் என்னுது இல்ல. எனக்கு சுகர்லாம் வராது. இன்னொரு வாட்டி எடு."

எடுத்தோம். அதே அளவுதான் வந்தது. "அப்ப உங்க மிஷினு சரியில்ல" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து நடந்து போனார். அடுத்த மாதம் வந்து, டாக்டர் நடக்கச் சொல்கிறார், எனக்கு நடக்கப் பிடிக்கவில்லை, அதனால் குண்டு விளையாடப் போகிறேன், ஜோடி வேண்டும், நீ வா என்றார். நான் என்ன படித்தேன், எனக்கு வருமா என்று ஒன்றும் கேட்கவில்லை. "உனக்கும் கையி துருதுருன்னுதான் இருக்கு, பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா.

பெத்தாங்க் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஆட்டம். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போனது. மண்ணில் ஒரு வட்டம் போட்டு, அதற்குள் நின்று, தூரத்தில் கிடக்கும் மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் உட்காருமாறு இரும்புக் குண்டை எறிய வேண்டும். எதிராளியின் குண்டைவிட அருகில் கிடக்கும் ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு புள்ளி. பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ரிட்டயரான சொல்தாக்களும் அவர்கள் பிள்ளைகளும் ஆடிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது பெண்கள் ஜோடிகளும் உண்டு.

எங்கள் மைதானத்தில் பெண்களில் முதல் ஆள் மதலேன் அக்கா. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். இவரும் ஒரு பிரெஞ்சுப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளை கான்வாஸ் ஷூ, தோளில் ஒரு துண்டு, தலையில் தொப்பி. ஒவ்வொரு முறையும் குண்டைத் துண்டால் துடைத்துவிட்டுத்தான் எறிவார். இரண்டு குண்டு கிட்டக் கிட்டக் கிடந்தால் லேசாகக் குனிந்து பார்த்து, "உன்னுது" அல்லது "என்னுது" என்று சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான். யாரும் அளந்து பார்த்ததில்லை. அளக்கக் கேட்பதே மரியாதைக் குறைவு என்பது போல அங்கே ஒரு பழக்கம்.

நூர்ஜஹான் அக்கா முதல் நாளே கைப்பையிலிருந்து கடை டேப்பை எடுத்து நீட்டினார்.

"என்னங்க இது, நான்தான் பாத்துச் சொல்லிட்டேனே" என்றார் மதலேன் அக்கா.

"கடையில ஒரு நாளைக்கு எத்தன பேரு கண்ணால பாத்து, இது ஜாக்கெட்டுக்குப் பத்தும்ங்கறாங்க, தெரியுமா? பத்தாது. புடிங்க இந்த முனையை."

அன்றைக்கு மதலேன் அக்கா சொன்னதுதான் சரியாக இருந்தது. மறுநாளும், அதற்கடுத்த வாரமும் அப்படியே. நூர்ஜஹான் அக்கா சளைக்கவில்லை. கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒரு முழம் தள்ளிக் கிடக்கும் குண்டுக்கும் டேப் வரும். எனக்கு வெட்கமாக இருக்கும். டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

என் வழி அதற்கு நேர் எதிர். கொஞ்சம் சந்தேகம் வந்தால் போதும், "உங்களுதுதாங்க" என்று என் குண்டை எடுத்துக்கொண்டு விலகிவிடுவேன். சின்ன ஆட்டங்களில் இதற்கு எனக்கு நல்ல பெயர்கூடக் கிடைத்தது. "மல்லிகா இருக்கும்போது டேப் எதுக்கு?" என்று சிரிப்பார்கள். அதைப் பாராட்டு என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு சின்னப் பள்ளம்

போன வருடப் போட்டியில் அரையிறுதி. அப்போதும் எதிரில் மதலேன் அக்கா ஜோடிதான். எங்களுக்குப் பன்னிரண்டு, அவர்களுக்குப் பதினொன்று.

கடைசிச் சுற்றில் நான் எறிந்த குண்டு உருண்டு உருண்டு மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர்களுடைய இரண்டு குண்டுகளும் அங்கேயே இருந்தன. நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். அவர்களுடைய இரண்டும் என்னுடையதைவிட அருகில் இருந்தன. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் கேட்ட அதே குரல் உள்ளே, கிளம்பு கிளம்பு என்று. "உங்களுதுதாங்க" என்று சொல்லிக்கொண்டே என் குண்டை எடுத்துவிட்டேன்.

நூர்ஜஹான் அக்கா அப்போதுதான் டேப்பை இழுத்தபடி வந்துகொண்டிருந்தார். என் கையில் குண்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

சட்டம் என்னவென்றால், புள்ளி யாருக்கு என்று முடிவாவதற்கு முன்னால் எடுத்த குண்டு கணக்கில் வராது. எடுத்தால் செத்தது. நடுவர் அதைச் சொன்னார். என் குண்டு இல்லாமல் எண்ணினால் அவர்களுக்கு இரண்டு புள்ளி. பதின்மூன்று. ஆட்டம் முடிந்தது.

யாரும் எதிர்பார்க்காத ஒன்றை நூர்ஜஹான் அக்கா செய்தார். என் குண்டு உட்கார்ந்திருந்த இடத்தில் மண்ணில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்து, அந்தப் பள்ளத்தின் ஓரத்திலிருந்து மரக்குண்டு வரை டேப்பை வைத்தார். பிறகு அவர்களுடைய குண்டுகளுக்கும் வைத்தார். மதலேன் அக்காவும் குனிந்து பார்த்தார்.

"மொன் தியே, கடவுளே" என்றார் மதலேன் அக்கா மெதுவாக. "அவளுதுதான் கிட்ட இருந்திருக்கு."

ஒரு நகத்தளவுதான். அந்த நகத்தளவில் நாங்கள் ஜெயித்திருந்தோம்.

நூர்ஜஹான் அக்காவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து திரும்பிக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை சாயங்காலம், வெளியூர்க் கார்கள் ரோடு முழுக்க நின்றுகொண்டிருந்தன. நெல்லித்தோப்பு சிக்னலில் அவர் என் பக்கம் திரும்பினார்.

"குண்டு அதும்பாட்டுக்கு அது எடத்துல உக்காந்திருந்துச்சுடி. தோத்துட்டேன்னு அது சொல்லிச்சா?"

"இல்லக்கா."

"அதுக்கு வாயில்ல. அதுக்கும் சேத்து நீ ஏண்டி பேசின?"

நான் அழுதுவிட்டேன். பக்கத்து ஸ்கூட்டர்க்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அழுகை போட்டிக்காக இல்லை. நான் எழுந்து வந்த இடங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்துவிட்டன. அங்கெல்லாம் என் பள்ளத்தை யார் அளந்து பார்த்தார்கள்? பள்ளிக்கூடத்து வேலை கிடைத்திருக்குமோ, எட்டு ஒழுங்காகப் போட்டிருப்பேனோ, இனி யாராலும் சொல்ல முடியாது. இது என்னை ரொம்ப நாள் தூங்க விடவில்லை.

கையைக் கட்டு

மறுவாரம் மைதானத்துக்குப் போகக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். வழக்கம்போல எழுந்து வந்துவிடலாம் என்றுதான். நூர்ஜஹான் அக்கா லேப் வாசலில் வந்து ஹார்ன் அடித்தார்.

"நான் வரலக்கா. என்னால உங்களுக்கும் கேடு."

"அத நான் சொல்லணும். நீ சொல்லக்கூடாது. ஏறு."

அன்றிலிருந்து ஒரு பயிற்சி. எறிதல், குறி பார்த்தல் எல்லாம் அப்புறம். எறிந்து முடித்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். அவர் "எடு" என்று சொல்லும்வரை பிரிக்கக் கூடாது. ஒரு முழம் தள்ளி என் குண்டு கிடக்கும், மைதானமே சிரிக்கும், நான் பள்ளிக்கூடப் பிரேயரில் நிற்கும் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். கை அரிக்கும், கால் மாறி மாறி நிற்கும். வீட்டில் சோற்றுப் பானையை இறக்கிவிட்டுச் சும்மா நிற்கும்போதும் கை தானாகப் பின்னால் போக ஆரம்பித்தது. "என்னா, இன்ஸ்பெக்‌ஷனா?" என்று கேட்பார் செல்வம்.

எனக்கு இதனால் நம்பிக்கை வந்ததா என்றால், வரவில்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தன்னம்பிக்கையைப் பற்றிப் பேசுபவர்கள் அது உள்ளே ஊறி வரும் என்கிறார்கள். எனக்கு உள்ளே ஒன்றும் ஊறவில்லை. உள்ளே அதே பழைய குரல்தான், "உன்னுது இல்ல, எடுத்துட்டுக் கெளம்பு" என்று. வெளியே கை மட்டும் கட்டியிருந்தது.

இந்த வருடப் போட்டி வந்தது. ஜெயிக்கிற ஜோடி வெளியூருக்கு ரயில் ஏறிப் போய் ஆட வேண்டும். நான் கல்யாணம், சாவு, கோவில் தவிர வேறு எதற்கும் இந்த ஊரைத் தாண்டியதில்லை. எனக்காக என்று ஒரு பயணம் போனதே இல்லை. அந்த ஆசை எனக்குள் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று எனக்கே தெரியாது.

இறுதி ஆட்டத்தன்று காலையில் நூர்ஜஹான் அக்கா போன் செய்தார்.

"ஒன்னே ஒன்னு சொல்றேன் மல்லிகா. தோக்கலாம். தோத்தா டீ குடிச்சுட்டு வந்துடலாம். ஆனா இன்னிக்கும் நீயா கைய வச்சுட்டேன்னா, நான் வேற ஜோடி பாத்துக்கறேன். என்னால முடியாது."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நான் பாதியில் விடாத ஒரே காரியம் இதுதான். அதுவும் போய்விடுமோ என்று அன்று சாயங்காலம் வரை லேபில் தப்புத் தப்பாகப் பில் போட்டேன்.

மறுபடியும் அந்த மரக்குண்டு

இப்போது ஆரம்பத்தில் விட்ட இடத்துக்கு வந்துவிட்டேன். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இந்தப் பக்கம் என் குண்டு, அந்தப் பக்கம் மதலேன் அக்காவின் குண்டு. மற்றதெல்லாம் தூரத் தூரக் கிடந்தன.

எனக்குக் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று சொல்லட்டுமா? மதலேன் அக்காவுடையதுதான் அருகில் இருந்தது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. கையைக் கோத்த விரல்கள் வலித்தன.

நூர்ஜஹான் அக்கா பின்னாலிருந்து வந்துகொண்டிருந்தார். கைப்பையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

மதலேன் அக்கா குனியவில்லை. தரையைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தை, பிறகு என் தோள்பட்டையை, பிறகு பின்னால் கட்டியிருந்த கையை. பயத்தில் இறுகிப்போய் நின்றேன்.

அவர் சிரித்தார்.

"ஜெயிச்ச குண்டையே எடுத்தவ இவ" என்றார், சுற்றி நின்றவர்களைப் பார்த்து. "இன்னிக்கு எடுக்கல பாருங்க. அப்புறம் என்னா சந்தேகம்? உன்னுதுதான் மல்லிகா. பிராவோ."

சொல்லிக்கொண்டே குனிந்து தன் குண்டை எடுத்தார்.

"அக்கா, அளக்கலாமே!" என்று அவருடைய ஜோடி கத்தினார். குண்டு அதற்குள் துண்டுக்குள் போய்விட்டது. நடுவர் தோளைக் குலுக்கிவிட்டுப் பதின்மூன்று என்று சொன்னார். கை தட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். நான் இன்னும் கையைப் பிரிக்கவில்லை.

மண்ணில் மதலேன் அக்காவுடைய குண்டு இருந்த இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். என் கண் அங்கேயேதான் இருந்தது. நூர்ஜஹான் அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் அதைப் பார்த்தார். ஒரு முழத்துக்கும் டேப் எடுக்கும் மனுஷி, அன்று கைப்பையின் ஜிப்பை மூடினார். பிறகு, ஏதோ கல்லைத் தள்ளுவது போல, செருப்புக் காலால் அந்தப் பள்ளத்தை மூடிவிட்டார்.

"எடு" என்றார் என்னிடம். "இப்ப எடுத்துக்கலாம்."

வீட்டில் போய்ச் சொன்னபோது செல்வம் கையில் ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தார். "எதுத்த டீம் வரலையா?" என்று கேட்டார். பிறகு கோப்பையைப் பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் அரைக் கிலோ இனிப்பு வாங்கிக்கொண்டு வந்தார்.

கவரை வாங்க வந்தவர்

ரயில் ஏறினோம். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து விடிய விடிய வெளியே பார்த்துக்கொண்டே போனேன். அங்கே முதல் நாளே தோற்றுப்போனோம், ஒவ்வொரு புள்ளியும் டேப் வைத்து அளந்து. டீ குடித்துவிட்டு வந்தோம். எனக்கு வருத்தமே இல்லை. அளந்து தோற்பது இவ்வளவு லேசாக இருக்கும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

ஆனால் அந்தப் பள்ளம் என்னை விடவில்லை. வேலைக்கு நடுவில், பஸ்ஸில், சாப்பிடும்போது, திடீர் திடீரென்று அது வந்து நிற்கும். உண்மையில் யாருடையது? நான் ஜெயித்தேனா, கையைக் கட்டி ஊரை ஏமாற்றினேனா? நூர்ஜஹான் அக்காவிடம் ஏன் மூடினீர்கள் என்று கேட்டேன். "அளந்து உன்னுதுன்னு வந்தா நீ டேப்பு தப்புன்னுவ. அவங்களுதுன்னு வந்தா செத்தே போவ. எதுக்கு வம்பு?" என்று சொல்லிவிட்டு வாடிக்கையாளருக்குப் புடவை பிரிக்கப் போய்விட்டார்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் மதலேன் அக்கா லேபுக்கு வந்தார். தொப்பி இல்லாமல் அவரைப் பார்க்க வேறு யாரோ போல இருந்தது. காலையில் ரத்தம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார், ரிப்போர்ட் வாங்க வந்திருந்தார். கவரை நீட்டினேன். வாங்கினார், பிரிக்கவில்லை. நாற்காலியில் உட்காரவும் இல்லை.

மைதானத்தில் கொஞ்ச நாளாகவே அவர் ஆட்டம் சரியில்லை என்று பேச்சு. எதையும் தானாகச் சொல்வதில்லையாம், சின்னதுக்கும் டேப் கேட்கிறாராம். நானே ஒருமுறை பார்த்தேன். குண்டை எடுத்து வட்டத்துக்குள் நின்றுவிட்டு, எறியாமல் கையை இறக்கி, மறுபடி துடைத்து, மறுபடி நின்றார்.

"மல்லிகா, ஒன்னு கேக்கறேன். உண்மைய சொல்லணும்."

"கேளுங்கக்கா."

"அன்னிக்கு என் ஜோடி சொல்றா, என்னுதுதான் கிட்ட இருந்துச்சாம். நல்லாத் தெரிஞ்சுதாம். எனக்குத்தான் தெரியலையாம்." கவரை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "முப்பது வருஷமா பாத்துச் சொல்ற கண்ணு இது. அது போயிடுச்சுன்னா நான் ஆடறதுல அர்த்தம் இல்ல. டாக்டரும் சுகர் கண்ணுல எறங்கியிருக்கும், டெஸ்ட் எடுன்னாரு. அதான் வந்தேன். நீ சொல்லு. உனக்கு என்னா தெரிஞ்சுது? யாருது கிட்ட இருந்துச்சு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். கவரைப் பிரிக்காமலே ரிசல்ட் தெரிந்துவிட்ட முகம். அந்த முகத்தை நான் தினமும் பார்க்கிறேன். பல வருடம் கண்ணாடியிலும் பார்த்திருக்கிறேன்.

என் கண் அன்று சொன்னது, அவருடையதுதான் என்று. அது நிஜம். ஆனால் அதற்கு முந்தின வருடமும் அது அப்படித்தான் சொன்னது, நகத்தளவில் நான் ஜெயித்திருந்தபோது. என் கண்ணுக்கு எப்போதுமே அடுத்தவருடைய குண்டுதான் அருகில் தெரியும். அதன் பேச்சைக் கேட்டுத்தான் இத்தனை வருடம் எல்லா இடத்திலிருந்தும் எழுந்து வந்திருக்கிறேன். இப்போது அதே பேச்சைக் கேட்டு இன்னொருத்தியையும் எழுப்பி அனுப்ப வேண்டுமா?

"என்னுதுதான்க்கா" என்றேன்.

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அளக்காமல் ஒன்றை என்னுடையது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நிச்சயமா?"

"நிச்சயமா. என்னுதுதான் கிட்ட இருந்துச்சு. நீங்க சரியாத்தான் சொன்னீங்க."

அவர் என்னைப் பார்த்தார். அன்று மைதானத்தில் பார்த்தது போலவே, முகம், பிறகு தோள். "வொலா, அதானே" என்றார். கவரை அங்கேயே கிழித்து, கண்ணாடியைத் தலைக்கு ஏற்றிவிட்டு, வெறும் கண்ணால் படித்தார். "கொஞ்சம் இருக்கு. பரவால்ல, மாத்திர போட்டுக்கலாம்." காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டார். "சனிக்கெழம வா. இந்த வாட்டி உன்ன விட மாட்டேன்."

படியிறங்கி வெயிலில் நிமிர்ந்து நடந்து போனார். அடுத்த ஆள் கவுண்டரில் பில்லை நீட்டிக்கொண்டு நின்றார். அதை வாங்கப் போனபோதுதான் கவனித்தேன், என் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் கோத்திருந்தன.